லைட்டு எரிகிற பக்கம்

தூத்துக்குடி
18-8-2024

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

சத்யா எழுதுகிறேன். கேட்காமல் கடிதம் எழுதி உங்களைத் தொந்தரவு செய்வதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுக்க மாட்டீர்கள் என்று தெரிந்தும் ஆடி மாதம் முழுக்கப் போன் செய்து பார்த்தேன். அத்தைதான் கடைசியில் சொன்னார்கள்: "அந்தப் போன பீரோக்குள்ள வச்சுப் பூட்டிட்டாருத்தா. சார்ஜே போடறதில்ல." போன தையில், அன்றைக்கு விடியுமுன் அந்தப் போனிலிருந்துதான் என்னைக் கூப்பிட்டீர்கள். அதனால் நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. கடிதம் என்றால் சத்தம் போடாது, பிடிக்காவிட்டால் மடித்து வைத்துவிடலாம். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஹாஸ்டல் தண்ணீர் மட்டும் உப்புக் கரிக்கிறது. உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? சமணமலைப் பக்கம் மழை உண்டா?

விஷயத்துக்கு வருகிறேன். அழகுபாண்டி அண்ணன் போன வாரம் பேசினார். வருகிற தைப்பூசத்துக்கும் நம் கீழக்குயில்குடியிலிருந்து திருச்செந்தூருக்கு நடக்கப் போகிறார்களாம். நீங்கள் வரவில்லை என்று சொல்லிவிட்டதால் இந்த முறை அவர்தான் குருசாமியாம். "தூத்துக்குடிப் பக்கம் எங்கண்ணே தங்குவீங்க?" என்று கேட்டேன். "அங்க போய்ப் பாத்துக்கிற வேண்டியதுதான். எடமா கெடைக்காது?" என்றார்.

அந்தப் பதிலைக் கேட்டதிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை. போன தையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். வருஷா வருஷம் தங்குகிற தோப்பு டிசம்பர் வெள்ளத்தில் சேறாகிக் கிடந்தது. இருட்டுவதற்குள் வேறு இடம் தேடி, மூடிக் கிடந்த லாரி எடைமேடைக்கு முன்னால் ரோட்டோரமாகப் படுத்தீர்கள். லாரிக்காரன் தூங்கிவிட்டதற்கு யார் என்ன செய்ய முடியும்? அம்மாவும் ராமக்காள் பெரியம்மாவும் போனது போனதுதான். அதைப் பற்றி உங்களிடம் எதுவும் கேட்க நான் இதை எழுதவில்லை.

நான் இந்த ஊரில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை லீவு. இடம் தேடுகிற வேலையை நான் செய்கிறேன். ஒரு கூட்டம் தங்குவதற்கு இடம் எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் நீங்கள் சொன்னால் போதும். இத்தனை வருஷம் இடம் பார்த்தவர் நீங்கள்தானே.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் அக்கா மகள்,
சத்யப்ரியா


கீழக்குயில்குடி
2-9-2024

சத்யாவுக்கு அத்தை முனீஸ்வரி எழுதிக்கொள்வது. நீ நல்லபடியாக இருக்க நம் அய்யனார் துணை. இங்கே நாங்கள் இரண்டு பேரும் ஒரு வீட்டில் இருக்கிறோம், அவ்வளவுதான்.

உன் கடிதம் வந்தது. மாமாவிடம் கொடுத்தேன். வாசலில் நின்றபடியே படித்தார். படித்துவிட்டு டிவிக்கு அடியில் வைத்தார். "என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டேன். "சும்மாதான்" என்றார். சாயங்காலம் பார்த்தால் அதையே எடுத்துத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறார்.

மைக்செட் தொழிலுக்கு இப்போது போவதே இல்லை. ஆவணியில் எத்தனை காதுகுத்து, எத்தனை கல்யாணம். "மைக்செட் கருத்தக்கண்ணன் வீடு இதுதானே?" என்று வந்து நிற்கிறார்கள். "லைட்டு ஓடல, பாக்ஸ் ஓடல" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். எல்லாம் கொட்டகைக்குள் மூட்டையாகக் கிடக்கிறது.

பதில் வரவில்லை என்று விட்டுவிடாதே ஆத்தா. எழுது. உன் எழுத்தைப் பார்த்தால் அன்றைக்காவது ஒருவாய் கூடச் சாப்பிடுகிறார்.

அத்தை


தூத்துக்குடி
15-9-2024

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். எனக்கு லேசான சளி, மற்றபடி ஒன்றுமில்லை.

நீங்கள் பதில் எழுதவில்லை. ஆனாலும் தேட ஆரம்பித்துவிட்டேன். என் ஆபீஸில் நாஸியா என்று ஒரு பெண். மதுரை தெற்குவாசல்காரி. என்னைப் போலவே கப்பல் சரக்குக் காகிதங்களை டைப் அடிக்கிற வேலை. அவளிடம் ஸ்கூட்டி இருக்கிறது. தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். "ஏய், முருகனப் பாக்கப் போறது நீங்க, முதுகு ஒடியறது எனக்கா? அவருகிட்டச் சொல்லி எனக்கொரு இன்கிரிமெண்ட்டு வாங்கிக் குடு, வாரேன்" என்றாள். வந்தாள்.

இரண்டு இடங்கள் பார்த்தோம். முதலாவது ஒரு பனங்காடு. ரோட்டைவிட்டு நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. தரை மணல், படுக்க மெத்தென்று இருக்கும். சொந்தக்காரர் ஒருநாள்தானே, தங்கிக்கொள்ளுங்கள் என்கிறார். தண்ணீர்தான் வண்டியில் கொண்டுவர வேண்டும்.

இரண்டாவது ஒரு உப்பளத்தில் பெரிய கொட்டகை. கூரை நல்ல கூரை, கடல் காற்று வருகிறது. தை மாதம் அங்கே வேலை அதிகம் இருக்காதாம். இருநூறு பேர் படுக்கலாம். லாரி வருகிற பாதை ஒருபக்கம் தனியாக இருக்கிறது. எனக்கு இது பிடித்திருந்தது. நாஸியாதான், "இம்புட்டு வெள்ளையா ஒரு எடத்துல படுத்தா எனக்கு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்டி" என்றாள்.

எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளாமை, வீடு, பெண் மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் அம்மா உங்களைத்தான் கேட்பாள். நானும் அந்தப் பழக்கத்தில் கேட்கிறேன்.

சத்யப்ரியா


கீழக்குயில்குடி
30-9-2024

மருமகள் சத்யப்ரியாவுக்கு மாமன் எழுதுவது. இங்கு இருக்கிறோம். உன் சளிக்கு மருந்து வாங்கு.

பனங்காடு வேண்டாம். தைக் காற்றுக்கு மட்டை விழும். உப்பளம் வேண்டவே வேண்டாம். அங்கு வந்து சேரும்போது ஒவ்வொருத்தர் காலிலும் கொப்புளம் உடைந்திருக்கும். உப்பு மண்ணில் கால் வைக்க முடியாது.

சுற்றுச்சுவர் உள்ள இடமாகப் பார். உள்ளே வரும் பாதை வளைந்து வர வேண்டும். ரோட்டிலிருந்து நேராக வரக் கூடாது. பெண்களுக்கு மறைவு வேண்டும். நல்ல தண்ணீர் வேண்டும். வெயிலில் அலையாதே.

கேட்டாய், எழுதினேன். நான் போகவில்லை.

கருத்தக்கண்ணன்


தூத்துக்குடி
20-10-2024

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் கார்டு வந்த அன்று ஆபீஸ் வண்டி நிறுத்துகிற இடத்திலேயே நின்று படித்தேன். கொப்புளம் எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை, சளியும் போய்விட்டது. மூட்டுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா?

மாமா, நல்ல இடம் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். ஊருக்கு வெளியே ஒரு சர்ச் பள்ளிக்கூடம். அதன் விளையாட்டு மைதானம். நாலு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர். பெரிய ரோட்டிலிருந்து ஒரு தெரு பிரிந்து, ரேஷன் கடையில் ஒருமுறை திரும்பி, தண்ணீர்த் தொட்டியில் இன்னொரு முறை திரும்பித்தான் கேட்டுக்கு வருகிறது. மாணவிகளின் கழிப்பறையைத் திறந்துவிடுகிறோம் என்கிறார்கள். பின்சுவர் ஓரமாகக் கிணறு. தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன், தித்திப்பு இல்லை, ஆனால் உப்பும் இல்லை.

ஃபாதரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தயங்கி நின்றேன். நாஸியா பின்னாலிருந்து கிள்ளியதும் ஃபாதரிடம் கேட்டுவிட்டேன். "எங்காளுக வேளாங்கண்ணிக்கு நடக்கையில வழியில எத்தன கோயில்ல தண்ணி குடிச்சிருக்காக. தாராளமா தங்கட்டும்மா" என்றார். எந்த ஊர் என்று கேட்டார். மதுரைப் பக்கம், கீழக்குயில்குடி என்றேன். "போன தையில..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். அப்புறம் எழுந்து போய் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஒரே ஒரு விஷயம். வாட்ச்மேன் பேச்சிமுத்து என்பவர், "லைட்டு கேட்டுக்கிட்ட ஒண்ணுதான் உண்டும் பாத்துக்கிடுங்க. கெணத்துப் பக்கம் இருட்டாத்தான் கெடக்கும்" என்றார். பெண்கள் எந்தப் பக்கம் படுப்பது? நம் கூட்டத்தில் எங்கே தங்கினாலும் பெண்களை லைட்டு எரிகிற பக்கம் படுக்க வைப்பதுதானே வழக்கம்? அம்மா முதல் வருஷம் நடந்துவிட்டு வந்து சொன்னது ஞாபகம் இருக்கிறது: "எந்தம்பி மைக்செட்டுக்காரன்ல? எங்களுக்கு ஒரு லைட்டப் பாத்துக் குடுத்துட்டுத்தான் அவன் படுப்பான்." கேட்டுப் பக்கம் என்றால் வாசலை ஒட்டிப் படுக்க வேண்டும். கிணற்றுப் பக்கம் என்றால் இருட்டு. எது சரி என்று எழுதுங்கள்.

சத்யப்ரியா


கீழக்குயில்குடி
8-12-2024

சத்யாவுக்கு அத்தை எழுதுவது. மழை பெய்கிறதே, உங்கள் ஊரில் தண்ணீர் ஏறியதா? பத்திரமாக இரு. தீபாவளிக்கு நீ வரவில்லை. வந்திருந்தாலும் வருஷம் திரும்பாத வீட்டில் என்ன இருக்கிறது.

பதில் வராமல் நீ என்னென்னவோ நினைத்திருப்பாய். மாமா உன் கடைசிக் கடிதத்தைப் படித்த அன்று நாற்காலியைப் போட்டு ஏறி வாசல் பல்பைக் கழற்றிவிட்டார். மறுநாள் வாடிப்பட்டியிலிருந்து ஒருவரை வரச்சொல்லி சீரியல் செட்டு, டியூப் லைட்டு எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். இப்போது சாயங்காலம் ஆனால் எங்கள் வாசல் மட்டும் இருட்டாக இருக்கிறது. தெருவில் போகிறவர்கள் துக்க வீடு என்று சொல்லாமலே தெரிந்துகொள்கிறார்கள்.

நீ தெரியாமல் கேட்டுவிட்டாய். உன்மேல் தப்பில்லை. அந்த லைட்டுப் பேச்சை மட்டும் இனி எழுதாதே.

அன்றைக்கு எடைமேடைக்கு முன்னால் ரோட்டுக் கம்பத்தில் லைட்டு எரிந்திருக்கிறது. பின்னால் கருவேல முள், இருட்டு. பெண்களை வெளிச்சத்தில் படுங்கள் என்று சொன்னவர் இவர்தான். ஆண்கள் பின்னால் இருட்டில் படுத்தார்கள். ஆண்களில் ஒருவருக்கும் கீறல் கிடையாது. புரட்டாசியில் ராமக்காளின் வீட்டுக்காரர் டீக்கடையில் எல்லோரும் இருக்கும்போது கேட்டுவிட்டார்: "ஏப்பா கருத்தக்கண்ணா, பொம்பளைகள ரோட்டுக்கு வேலி மாதிரிப் போட்டுட்டு, நீங்க அம்புட்டுப் பேரும் பின்னால படுத்தீகளே, இது எந்த ஊரு நாயம்?" இவர் டீயைக் கீழே வைத்துவிட்டு நின்று முழுதாகக் கேட்டுவிட்டு வந்தாராம். அவர் பேசட்டும், அவருக்குப் பெண்சாதி போயிருக்கிறது. நான் யாரைக் குறை சொல்ல?

அத்தை


தூத்துக்குடி
22-12-2024

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் சுகம்தானே? இங்கே வெள்ளம் இல்லை, மழை விட்டுவிட்டது. நாஸியா லீவுக்கு ஊருக்கு வருகிறாள். இதை அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். மாமா வீட்டில் இல்லாத நேரம் படியுங்கள். அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

நான் அந்த இடத்துக்குப் போனேன். என் ஹாஸ்டலிலிருந்து ஒரு பஸ். இத்தனை பக்கத்தில் இருந்தும் ஒரு வருஷமாக அந்தப் பஸ்ஸைப் பார்த்தாலே தள்ளி நின்றுகொள்வேன். அன்றைக்கு அம்மா விடிந்ததும் நடந்து வந்து என்னைப் பார்ப்பதாக இருந்தாள். "ஒன்னப் பாத்துட்டு, அப்படியே முருகனப் பாக்கப் போறேன்" என்று சாயங்காலம் போனில் சொன்னாள். நான் அவள் காலுக்குப் பிளாஸ்திரியும் பஞ்சும் வாங்கி வைத்திருந்தேன். அது இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

எடைமேடை பூட்டியபடியே கிடக்கிறது. கம்பத்தில் பகலிலும் லைட்டு எரிகிறது, யாரும் அணைப்பதில்லை போல. தரையில் ஒன்றும் இல்லை அத்தை. சிமெண்டு கொட்டிச் சரிசெய்திருக்கிறார்கள்.

பக்கத்தில் ஒரு டீக்கடை. முன்னால் பெரிய வாறுகால், அந்தச் சாக்கடைமேல் கல் பாலம், பின்பக்கம் சுவர் வைத்த சின்ன முற்றம். கடைக்காரம்மா பெயர் சோணையம்மாள். பேச்சில் நம் பக்கத்து வாடை அடித்தது. வாடிப்பட்டியில் பிறந்தவராம். நான் யார் என்று சொல்லவில்லை. டீ குடித்தேன். அவராகவே பேசினார்.

"இங்கதாம்மா போன தையில நடந்தது. ரெண்டு பொம்பளைக. அதுல ஒரு அக்கா சாயங்காலமே எங்கிட்ட வந்து சுடுதண்ணி கேட்டுச்சு. கால்ல மஞ்சத் துணி சுத்தியிருந்துச்சு. 'லைட்டு கண்ணக் கூசுது தாயி, ஒங்க கடைக்குப் பின்னால படுத்துக்கிறட்டுமா'ன்னுச்சு. படுத்துக்கக்கான்னேன். பாயக்கூட விரிச்சிருச்சு. அதுக்குள்ள பச்சைத் துண்டு போட்ட ஒருத்தரு தேடிக்கிட்டு வந்தாரு. 'யக்கா, ஒத்தையில இருட்டுக்குள்ள படுக்காத. பூச்சி பொட்டு கெடக்கும். லைட்டு எரியிற பக்கம் வா'ன்னு அவரே பாயச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டுக் கூட்டிட்டுப் போனாரு. அந்த அக்கா சிரிச்சுக்கிட்டே போச்சு. 'இவன் ஒரு லைட்டுப் பைத்தியம்'னுச்சு."

கிளாஸைக் கழுவிக்கொண்டே கடைசியாகச் சொன்னார்: "நல்ல மனுசன்னு நெனச்சேன். நெசமாவே நல்ல மனுசன்தாம்மா அவரு. அக்காளுக்குப் பாய் சொமக்கிற தம்பி எத்தன பேரு இருக்கான்?" அப்புறம், "அந்த அக்காவ ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அதனால் உங்களிடம் சொன்னேன். எனக்கு மாமாமேல் கோபம் வரும் என்று நினைத்தேன். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அதற்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

சத்யா


கீழக்குயில்குடி
5-1-2025

சத்யாவுக்கு அத்தை எழுதுவது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் சிநேகிதி வந்தாள். சாப்பிட்டுப் போகச் சொல்லி மாமாதான் வற்புறுத்தினார். அவளும் கூச்சப்படாமல், "அங்கிள், ஒங்க வீட்டு ரசம் மட்டும் எனக்கு ஒரு பாட்டில்ல குடுங்க, சத்யா வக்கிற ரசத்துக்கு அவளுக்கே ஒரு பேரு தெரியல" என்று சொல்ல, இவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. எத்தனை மாசம் ஆகிறது.

கடிதத்தைக் கொல்லையில் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிட்டேன். பாய் சங்கதி எனக்கே இப்போதுதான் தெரியும். ஒரு வருஷமாக இந்த மனிதர் பாயில் படுப்பதில்லை. வெறும் தரையில் கையை மடித்துத் தலைக்கு வைத்துப் படுக்கிறார். இடுப்பு வலிக்கு வைத்தியர் சொன்னார் என்றார். நானும் நம்பிக்கொண்டிருந்தேன். கேட்கவும் இல்லை, இனி கேட்கவும் மாட்டேன்.

இப்போது வேறு கவலை. அழகுபாண்டி நேற்று வந்தான். நீ பார்த்த பள்ளிக்கூடம் வேண்டாமாம். சமையல் வண்டி அந்தச் சந்துக்குள் திரும்பாதாம். பைபாஸ் ஓரத்தில் லாரிகள் நிறுத்தும் செட்டு வைத்திருக்கும் ஒருவர் பந்தல் போட்டு, ஜெனரேட்டர் வைத்து, இட்லியும் தருகிறேன் என்கிறாராம். "மறுபடியும் ரோட்டோரமா?" என்றேன். "அத்தே, எல்லா ரோட்டோரமும் ஒண்ணா? அங்க டியூப் லைட்டா எரியும், பகல் மாதிரி இருக்கும். பொம்பளைகளுக்கு அதவிட என்ன பாதுகாப்பு?" என்கிறான். மாமா உள்ளே இருந்தார். அவன் போனபிறகு எட்டிப் பார்த்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொன்று. பத்து நாளாக விடிந்ததும் செருப்புப் போடாமல் கிளம்பி நாகமலை வரை நடந்துவிட்டு வருகிறார். எதற்கு என்று தெரியவில்லை. உள்ளங்கால் வெடித்துக் கிடக்கிறது. எண்ணெய் வைக்கப் போனால் காலை இழுத்துக்கொள்கிறார்.

அத்தை


கீழக்குயில்குடி
12-1-2025

மருமகள் சத்யப்ரியாவுக்கு,

நலம் கேட்டதற்குப் பதில்: இருக்கிறேன்.

பள்ளிக்கூட மைதானம் நல்லது. ஆண்கள் கேட்டுப் பக்கம் படுக்க வேண்டும். பெண்கள் கிணற்றுப் பக்கம், சுவரை ஒட்டி. கிணற்றுக்குக் கம்பி மூடி இருக்கிறதா என்று பார். இருட்டானாலும் பரவாயில்லை. படுப்பதற்கு முன் தரையைக் கூட்டச் சொல். சமையல் வண்டி ரேஷன் கடையோடு நிற்கட்டும், சோற்றைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

லாரி செட்டு இருக்கும் இடம் தெரியும். ரோடு நேராக வந்து அங்கேதான் திரும்புகிறது.

இது நான் சொன்னதாக அழகுபாண்டிக்குச் சொல்ல வேண்டாம். என் பேச்சை இனி யாரும் கேட்டு நடக்க வேண்டாம். நான் வரவில்லை.

கருத்தக்கண்ணன்


தூத்துக்குடி
19-1-2025

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

பொங்கல் என்று எங்களுக்கு எதுவும் இல்லை. அத்தை ஒரு வாய் சர்க்கரைப் பொங்கலாவது வைத்துக் கொடுத்தார்களா? நான் உடம்பால் நன்றாக இருக்கிறேன்.

கிணற்றுக்குக் கம்பி மூடி இருக்கிறது. பேச்சிமுத்து அதன்மேல் ஏறி நின்று காட்டினார். தரையை அவரே கூட்டித் தருகிறாராம். "நம்ம வீட்டுப் பிள்ளைக வந்து படுக்கிற மாரிதானம்மா" என்றார்.

லாரி செட்டையும் நாஸியாவோடு போய்ப் பார்த்தேன். நீங்கள் எழுதியது சரி. ரோடு நேராக வந்து பந்தல் கால் நட்டிருக்கும் இடத்தில்தான் திரும்புகிறது. நாஸியா எப்போதும் ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். அங்கே ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு, "வா, போவோம்" என்றாள்.

அழகுபாண்டி அண்ணனுக்கு மூன்று முறை போன் செய்தேன். எனக்குச் சண்டை போடத் தெரியாது. தெரிந்தவரை போட்டேன். "பாப்பா, ஒனக்குப் பயம் இருக்கும், நியாயந்தான். ஆனா எல்லாருக்கும் சொல்லியாச்சு. பொம்பளைகளே வெளிச்சமான எடந்தான் வேணும்ங்கிறாக. மாமா வந்து ஒரு வார்த்த சொல்லட்டும், நான் மறுபேச்சுப் பேசல. அவர் வர மாட்டேங்கிறாரே" என்றார். நீங்கள் கார்டு எழுதியதை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள்.

மாமா, அம்மா எனக்கு வேலை கிடைத்தால் மூன்று வருஷம் நடந்து வருவதாக வேண்டிக்கொண்டாள். ஒரு வருஷம் முழுதாக நடந்தாள். இரண்டாவது வருஷம் பாதியில் நிற்கிறது. காலண்டரில் பார்த்தேன். கூட்டம் இங்கே வந்து தங்குகிற அன்றுதான் அம்மாவின் வருஷத் திதி வருகிறது. மறுநாள் அவள் விட்ட இடத்திலிருந்து நான் நடக்கப் போகிறேன். வருஷம் திரும்பாமல் மாலை போடக் கூடாது என்று அத்தை சொல்வார்கள். மாலை போடவில்லை, பச்சைச் சேலையும் கட்டவில்லை. வெறும் ஆளாக நடக்கிறேன். ஆபீஸில் லீவு சொல்லிவிட்டேன்.

முதல்நாள் ராத்திரி நம் ஊர்ப் பெண்களோடுதான் படுப்பேன். அவர்கள் பள்ளிக்கூடத்தில் படுத்தால் பள்ளிக்கூடத்தில். பந்தலில் படுத்தால் பந்தலில். அவர்களை அங்கே விட்டுவிட்டு நான் மட்டும் ஹாஸ்டலில் போய்ப் படுக்க என்னால் முடியாது.

அம்மாவுக்கு வாங்கிய பிளாஸ்திரி பிரிக்காமல் இருக்கிறது. உங்கள் உள்ளங்கால் வெடித்திருப்பதாக அத்தை எழுதினார்கள். வரும்போது கொண்டுவருகிறேன் என்று எழுதத்தான் நினைத்தேன். நான் அங்கே வருகிற நாளைவிட நீங்கள் இங்கே வருகிற நாள் கிட்டம்.

எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், ஒன்றைத் தவிர. ஆவணியிலிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் 'நீங்களும் வாருங்கள்' என்று எழுத நினைத்து, கடைசி வரியில் விட்டுவிடுவேன். அம்மாவுக்கு இடம் காட்டியது யார் என்று எனக்குத் தெரியும். பாயை யார் தூக்கி வந்தார்கள் என்பதும் தெரியும். அம்மா சிரித்துக்கொண்டே வந்தாள் என்பதும் தெரியும். அதைப் பார்த்தவர் ஒருவர் எனக்குச் சொன்னார். தெரிந்துதான் கேட்கிறேன்.

என் பாயை நான் கொண்டுவருகிறேன். அதை எங்கே விரிக்க வேண்டும் என்று நீங்கள் வந்து காட்ட வேண்டும் மாமா. எந்தப் பக்கம் காட்டினாலும் அங்கே படுத்துக்கொள்வேன்.

உங்கள் அக்கா மகள்,
சத்யப்ரியா